யூரியூப்பைக் கறுப்பாக்குவதா, வெள்ளையாகவே விடுவதா?

யூரியூப்பில் டார்க் தீம், அதாவது பக்கத்தைக் கறுப்பாகக் காட்டும் தெரிவு, போட்டாலும் போடாவிட்டாலும் நீங்கள் பார்க்கிற வீடியோ மாறப்போவதில்லை. மாறுவது அதைச் சுற்றியிருக்கும் பக்கம்தான்: முகப்பில் வரும் படங்களுக்குப் பின்னாலுள்ள வெளி, தேடல் முடிவுகள், தலைப்பு, விவரம், கொமெண்ட்கள், செட்டிங்ஸ் பக்கங்கள். போனைச் சரித்து முழுத்திரையாக்கிவிட்டால் இரண்டு தீமுக்கும் வித்தியாசம் கிடையாது. வீடியோவின் இரு ஓரமும் நிற்கும் கறுப்புப் பட்டை லைட் தீமிலும் கறுப்புத்தான். ஷோர்ட்ஸ் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களுக்கும் இதே கதை. வீடியோ திரை முழுக்க நிற்கும். கொமெண்டைத் திறந்தால் மட்டும் தீம் தலைகாட்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. திருகோணமலையில் சொந்தக்காரர், அயலவர் என்று போனை நீட்டி "இதைக் கறுப்பாக்கி விடு தம்பி" என்று கேட்பவர்கள் மனதில் மூன்று ஆசை இருக்கும். பற்றரி நிற்க வேண்டும், கண் நோகக்கூடாது, டேட்டா மிஞ்ச வேண்டும். மூன்றாவது நடக்கவே நடக்காது. டேட்டா தின்பது வீடியோ. 1080பியை 480பிக்கு இறக்கினால் மிஞ்சும், பக்கத்தின் நிறத்தை மாற்றினால் மிஞ்சாது. முதல் இரண்டும் உண்மையில் நடக்கக்கூடியவை. சிக்கல் என்னவென்றால், அவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது. பற்றரி நன்றாக மிஞ்சுகிற இடத்தில் கண்ணுக்குக் கஷ்டம். கண்ணுக்குச் சுகமான இடத்தில் பற்றரி பெரிதாக மிஞ்சாது. எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போட்டால் ஏமாற்றம் இராது.

யூரியூப் தருகிற தெரிவு மூன்று. செயலியில் உங்கள் கணக்குப் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ், ஜெனரல், அப்பியரன்ஸ் என்று போனால் லைட், டார்க், போனின் தீமைப் பின்பற்று என்ற மூன்றும் இருக்கும். கணினியில் டார்க் தீம் வந்தது 2017இல். போன்களுக்கு 2018இல் வந்தது. 2019இல் அன்ட்ரொயிட் 10உம் ஐஓஎஸ் 13உம் போன் முழுவதற்கும் டார்க் மோட் கொண்டுவந்த பிறகுதான் மூன்றாவது தெரிவுக்குப் பொருள் வந்தது. இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் நான் ஒப்பிடப் போகிறேன். தீமைத் தொடாமல், திரையின் வெளிச்சத்தை மட்டும் குறைப்பது. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான் என்பது என் எண்ணம்.

பற்றரிக் கணக்கு

பற்றரியைப் பற்றிப் பேச முதல் உங்கள் போனின் திரை எந்த வகை என்று தெரிய வேண்டும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு லைற் எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு காட்ட வேண்டிய இடத்தில் அந்த வெளிச்சத்தை முன்னாலிருந்து மறைக்கிறார்கள், அவ்வளவுதான். சமையலறை லைற்றைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தால் கரண்ட் பில் குறையுமா? எல்சிடியில் டார்க் தீமும் அப்படித்தான். அமோலெட், ஓலெட் என்று சொல்லப்படும் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகும், கருஞ்சாம்பல் என்றால் மிகக் குறைவாக எரியும். மிச்சம் வருவது அங்கேதான்.

எது உங்களுடையது என்று பார்க்கப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. இரவில் அறை லைற்றை அணைத்துவிட்டு ஒரு முழுக் கறுப்புப் படத்தைத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருளில் கரைந்துவிட்டால் ஓலெட். சாம்பல் பூசினதுபோல் மெல்லிய வெளிச்சம் கசிந்தால் எல்சிடி. பெட்டி கையிலிருந்தால் இன்னும் சுலபம்: ஐபிஎஸ், பிஎல்எஸ், டிஎஃப்டி என்றெல்லாம் இருந்தால் எல்சிடி. சாம்சங்கில் ஏ05, ஏ06 போன்ற விலை குறைந்தவை எல்சிடி. ஏ15, ஏ16 அமோலெட். ரெட்மி 12சி, 13சி எல்சிடி. ஐபோனில் எக்ஸ்ஆர், 11, எஸ்இ ஆகியவை எல்சிடி. 12இலிருந்து வந்த வரிசை முழுக்க ஓலெட். பழைய போன் கைமாறி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரை உடைந்து மாற்றின போன் என்றால் முதலில் ஓலெட்டாக வந்ததில் பிறகு மலிவான எல்சிடி பூட்டியிருக்கலாம். அந்த இருட்டறைச் சோதனை அதையும் காட்டிக் கொடுக்கும்.

சரி, ஓலெட் என்றால் எவ்வளவு மிஞ்சும்? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட அளவீடு ஒன்று இருக்கிறது. யூரியூப் உட்பட கூகிளின் பிரபல செயலிகள் சிலவற்றை ஓலெட் போன்களில் ஓட்டிப் பார்த்தார்கள். திரை வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது லைட்டிலிருந்து டார்க்குக்கு மாறினால் மிஞ்சிய மின்சாரம் சராசரியாக 3 முதல் 9 சதவீதம் மட்டும். வெளிச்சம் 100 சதவீதம் என்றால் 39 முதல் 47 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தை 100க்கு ஏற்றுவது எப்போது? வெளியில், வெயிலில். வீட்டுக்குள், அதுவும் இரவில், எவரும் அரைவாசிக்கு மேலே வைப்பதில்லை. அப்படியானால் படுக்கையில் கிடந்து பார்க்கும் நேரத்தில் டார்க் தீம் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது ஒற்றை இலக்கச் சதவீதம். அந்தச் சதவீதமும் கொமெண்ட் வாசித்து, பட்டியலைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்துக்குத்தான். முழுத்திரையில் ஒரு மணிநேர நேர்காணல் ஓடினால் அந்த மணிநேரத்துக்கு மிச்சம் சைபர்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தில் பற்றரியைக் கஞ்சத்தனமாகப் பாவிக்கப் பழகினவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் டார்க் மோட் போட்டு, இன்னும் எடுக்காமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதில் தப்பில்லை. ஆனால் பற்றரிதான் நோக்கமென்றால் வெளிச்சத்தைக் குறைப்பது எந்தத் திரையிலும் வேலை செய்யும். டார்க் தீம் ஓலெட்டில் மட்டும், அதுவும் வெளிச்சம் ஏறும்போதுதான் நன்றாக வேலை செய்யும். பற்றரிக்காக மட்டும் கேட்பவர்களுக்கு நான் முதலில் இழுத்துக் காட்டுவது வெளிச்சப் பட்டையைத்தான்.

வெயில்

எங்கள் ஊரில் வெளிச்சம் ஒரு தனிப் பிரச்சினை. காலையில் டச்பே கடற்கரையில் நடக்கப் போனால் கடலுக்கு மேலாகச் சூரியன் நேரே முகத்துக்கு வரும். பின்னேரம் உட்துறைமுக வீதியில் நின்றால் மற்றப் பக்கத்துத் தண்ணீரிலிருந்து தெறிக்கும். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் போன் பார்க்கிறவனுக்கு ஒதுங்க இடமில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மதியம் முகில் ஒன்றுமில்லாமல் வெளுத்துப்போன வானம்.

அந்த நேரத்தில் டார்க் தீமில் யூரியூப்பைத் திறந்தால் முதலில் தெரிவது உங்கள் முகம். கறுப்புத் திரை கண்ணாடியாகிவிடும். தொப்பி, வானம், பின்னால் நிற்கும் மரம் எல்லாம் தெரியும், வீடியோத் தலைப்பைத் தவிர. தலைப்பாவது வெள்ளை எழுத்து, கண்ணைச் சுருக்கினால் வாசிக்கலாம். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வரும் சனலின் பெயர், எத்தனை பேர் பார்த்தார்கள், எப்போது போட்டது என்ற வரி முற்றாகக் காணாமல் போகும். விரலடையாளமும் கறுப்பில்தான் எடுப்பாகத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். லைட் தீமில் வெள்ளைப் பக்கமே வெளிச்சமாக நிற்பதால் பிரதிபலிப்பு அமுங்கிப் போகும், எழுத்து கறுப்பாகத் தெளிந்து நிற்கும்.

மேலே சொன்ன முரண் இதுதான். 40 சதவீதமளவில் மிஞ்சும் என்ற அந்த அழகான எண் பொருந்துவது இந்த வெயிலுக்கு. இந்த வெயிலில்தான் டார்க் தீமை வாசிக்க முடியாது. நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற நிற்கும் படகுக்காரர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர், சந்தையில் வெளிப்புறக் கடை வைத்திருப்பவர் என்று பகல் முழுக்க வெளியில் நிற்பவர்களுக்கு லைட் தீம்தான் என் சிபாரிசு, பற்றரி போனாலும் பரவாயில்லை. ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்

இதில்தான் ஆளுக்கு ஆள் விடை மாறும், இதில்தான் ஆட்கள் மிகவும் உறுதியாகவும் பேசுவார்கள். "டார்க் மோட் கண்ணுக்கு நல்லது" என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆராய்ச்சிகள் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் பீப்பன்ப்ரொக், மயர், பூக்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையில் கறுப்பு எழுத்தை வாசித்தவர்களே எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதில் மேலாக இருந்தார்கள். இளையவர், முதியவர் இருவருக்கும் அதே முடிவு. இதற்குச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. திரை வெளிச்சமாக இருந்தால் கண்மணி சுருங்கும்; சுருங்கினால் குவிவு கூர்மையாகும். இருட்டுத் திரையில் கண்மணி விரியும், எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கும்.

கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஒரு பவர் எழுதியிருந்தால், அதாவது அஸ்டிக்மாட்டிசம் இருந்தால், இது இன்னும் மோசம். கறுப்பில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரியும். ஆங்கிலத்தில் இதைச் சமாளித்துவிடலாம். தமிழ்க் கொமெண்டில் கஷ்டம். ண, ஞ, ணை என்று சுழிகள் நெருங்கி நிற்கும் எழுத்துகளில் உள்ளே இருக்கும் சின்ன இடைவெளிகளை அந்த ஒளிவட்டம் அடைத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி தலைக்குமேல் கரைந்துபோகும். விலை குறைந்த 720பி திரையில், எழுத்தைச் சிறிதாக்கி வைத்திருந்தால், இதை எந்தக் கண்ணும் உணரும்.

ஆனால் நேர் எதிரான கூட்டமும் உண்டு. லிங்கநகரில் ஒரு மாமிக்குக் கண்ணில் வெண்படலம், ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும்வரை காத்திருந்தார். வெள்ளைப் பக்கம் திறந்ததும், "என்னடா தம்பி, பனி மூட்டமாக் கிடக்கு, எழுத்தே விளங்குதில்லை" என்பார். கறுப்பாக்கிக் கொடுத்ததும் பக்திப் பாட்டுகளின் பட்டியலைத் தானே தேடி எடுத்தார். வில்லை மங்கியிருக்கும் கண்ணுக்குள் வரும் வெளிச்சம் சிதறும். வெள்ளைப் பக்கத்தில் வெளிச்சம் அதிகம், ஆகவே சிதறலும் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு இருண்ட பக்கம் நன்றாக உதவுகிறது என்று குறைபார்வை பற்றிய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே "வயது போனவர்களுக்கு டார்க்" என்றோ "லைட்" என்றோ ஒரே வரியில் சொல்ல முடியாது. இரண்டையும் போட்டுக் காட்டி, அவரையே ஒரு கொமெண்டை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எதில் தடுமாறாமல் வாசிக்கிறாரோ அது.

நீல வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் களைப்புக்குத் திரையின் நீல ஒளிதான் காரணம் என்று சொல்லிக் கண்ணாடி விற்கிறார்கள். அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் அந்தக் கண்ணாடிகளைச் சிபாரிசு செய்வதில்லை. திரையைப் பார்க்கும்போது நாங்கள் இமைப்பது குறைகிறது, கண் காய்கிறது, களைப்பு பெரும்பாலும் அதனால் வருகிறது. எந்தத் தீமும் உங்களுக்காக இமைக்காது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் எதையாவது 20 விநாடி பார் என்ற விதி சலிப்பானதுதான், ஆனால் செலவில்லாதது.

அப்படியென்றால் டார்க் தீம் கண்ணுக்கு எங்கே உதவும்? இருட்டில். இதில் எனக்குச் சந்தேகமில்லை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் கந்தளாய் தாண்டி லைற்றை அணைத்த பிறகு ஒருவர் லைட் தீமில் யூரியூப்பைத் திறந்தால் நாலு சீற் தூரத்துக்குத் தெரியும். ஒரே அறையில் பிள்ளை தூங்க, பக்கத்தில் கிடந்து பாட்டுத் தேடும் தாய்க்கும் அப்படித்தான். இருட்டுக்குப் பழகி விரிந்து நிற்கும் கண்மணிக்குள் வெள்ளைப் பக்கம் திடீரென்று பாய்ந்தால் கூசும், அந்தக் கூச்சத்துக்கு டார்க் தீம் நல்ல மருந்து. நீங்கள் மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருப்பவரும் நிம்மதியாகத் தூங்குவார்.

தீம் கைவிடும் இடம்

ஏ.எல் படிக்கும் பிள்ளைகள் இரவில் ரியூசன் வகுப்பின் பதிவுகளைப் பார்க்கிறார்கள். இரசாயனவியல் ஆசிரியர் வெள்ளைப் பலகை முன்னால் நிற்கிறார், அல்லது வெள்ளைத் திரையில் டப்லெட் பேனாவால் எழுதுகிறார். இரண்டு மணிநேரம் திரை முழுக்க வெள்ளை. டார்க் தீம் போட்டிருந்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. வீடியோ வீடியோதான். சொல்லப்போனால் கறுப்புப் பட்டியலிலிருந்து வீடியோவைத் தொட்டதும் பளிச்சென்று வெள்ளை வந்து விழுவது, லைட் தீமில் இருந்ததைவிட அதிகமாகக் கூசும்.

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான்காவது தெரிவு. முதலில் அறை லைற்றைப் போடுங்கள். இருட்டறையில் வெள்ளைப் பலகை பார்ப்பது தேவையில்லாத தண்டனை. அடுத்தது வெளிச்சப் பட்டை. அதை அடிவரை இழுத்தும் போதவில்லையென்றால் அன்ட்ரொயிட் 12க்குப் பிறகு வந்த பல போன்களில் எக்ஸ்ட்ரா டிம் என்று ஒன்று இருக்கிறது, மேலிருந்து இழுக்கும் பலகையில் பொத்தானாக வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் அக்செசிபிலிட்டிக்குள் ரெடியூஸ் வைட் பொயின்ட். இவை வீடியோவையும் சேர்த்தே மங்கலாக்கும், அதுதான் இங்கே வேண்டியது. நைட் லைட், நைட் ஷிஃப்ட் என்று திரையை மஞ்சளாக்கும் வசதியும் வீடியோவைத் தொடும். வெள்ளைப் பலகை பழைய தாள் நிறத்துக்கு வரும், சிலருக்கு அது இதம். நிறம் முக்கியமான பாடம் என்றால் அணைத்துவிடுங்கள். உயிரியல் வரைபடத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிப்போனால் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது.

ஓலெட் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிச்சத்தை மிகக் கீழே இறக்கும்போது பல ஓலெட் திரைகள் வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான் மங்கலைக் காட்டும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, சிலருக்குத் தலையிடிக்கும். இரவில் மட்டும் போன் பார்த்தால் தலையிடி வருகிறதென்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, டார்க் தீமில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது தெரிவு

பகலில் வெளியில் லைட், இரவில் உள்ளே டார்க் என்று இவ்வளவு தூரம் வந்துவிட்டால், இரண்டையும் தானாக மாற்றும் தெரிவுதான் பெரும்பாலானோருக்குப் பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. யூரியூப்பில் "போனின் தீமைப் பின்பற்று" என்பதைத் தெரிவு செய்துவிட்டு, போனின் டிஸ்பிளே செட்டிங்ஸுக்குப் போய் டார்க் மோடுக்கு நேரம் வைத்துவிடுங்கள். ஐபோனில் டிஸ்பிளே அன்ட் பிரைட்னஸுக்குள் ஓட்டோமெட்டிக் என்பதைப் போட வேண்டும்.

அங்கே சூரிய மறைவு முதல் உதயம்வரை என்றும், நீங்களே நேரம் குறிக்கலாம் என்றும் இரண்டு வழி கேட்கும். முதலாவது உங்கள் இருப்பிடத்தைக் கேட்கும். ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அது தேவை, கோடையில் இரவு 9 மணிக்கும் பகல் வெளிச்சம். எங்களுக்கோ ஆண்டு முழுக்க மாலை 6 மணியை ஒட்டித்தான் பொழுது படும், மார்கழிக்கும் ஆனிக்கும் வித்தியாசம் ஒரு மணிநேரம்கூட இல்லை. ஆகவே மாலை 6.30, காலை 6 என்று கையால் போட்டுவிட்டு லொக்கேஷனை அணைத்தே வைத்திருக்கலாம். இரவு வேலைக்குப் போய்ப் பகலில் யன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குபவர்கள் தங்கள் நேரத்தைத் தலைகீழாகக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தத் தெரிவுக்கு ஒரு குறை. பல அன்ட்ரொயிட் போன்களில் பற்றரி சேவர் ஓடத் தொடங்கினால் போன் தானாகவே டார்க் மோடுக்குப் போகும், யூரியூப்பும் கூடவே போகும். "நான் ஒண்டும் செய்யேல்ல, திடீரெண்டு கறுத்துப் போச்சு, வைரஸோ?" என்று போனை நீட்டுகிறவர்களில் அனேகம் பேருக்கு நடந்தது இதுதான். சார்ஜில் போட்டால் சரியாகிவிடும். அந்தக் குழப்பம் வேண்டாமென்றால், அல்லது வட்ஸ்அப்பும் மற்றவையும் வெள்ளையாகவே இருக்க யூரியூப் மட்டும் கறுப்பாக வேண்டுமென்றால், யூரியூப்புக்குள்ளேயே லைட்டோ டார்க்கோ நிலையாகத் தெரிவு செய்துவிடுங்கள். அது போனின் போக்கைப் பார்க்காது.

எந்நேரமும் டார்க் என்பது யாருக்கு? ஓலெட் போன், பெரும்பாலும் உள்ளே இருக்கும் வேலை, கண்ணில் சிலிண்டர் இல்லை, தமிழ்க் கொமெண்ட் வாசிக்கிற பழக்கம் குறைவு. அப்படி ஒருவர் இருந்தால் தாராளமாகப் போடலாம். ஓலெட் திரையில் கீழ்ப்பட்டையின் அடையாளங்கள் நிரந்தரமாகப் படிந்துபோகும் பயமும் கொஞ்சம் குறையும். வடிவாக இருக்கிறது என்பதற்காகப் போடுபவர்களோடு எனக்கு வாதமில்லை, அது அவர்கள் போன்.

2022 ஒக்டோபரில் யூரியூப் டார்க் தீமை இன்னும் கறுப்பாக்கியது. முந்திய சாம்பல் போய் ஏறக்குறைய முழுக் கறுப்பு வந்தது. அதோடு அம்பியன்ட் மோட் என்று ஒன்றையும் சேர்த்தது. வீடியோவில் ஓடும் நிறம் மெல்லியதாக வெளியே கசிந்து சுற்றியுள்ள கறுப்பில் படரும். டார்க் தீமில் மட்டும்தான் இது வரும். திருவிழா வீடியோ ஒன்றைப் பார்த்தால் பந்தல் வெளிச்சம் தலைப்பு வரை வழியும், முதல் நாள் வடிவாகத்தான் இருக்கும். எனக்கு அது வாசிப்பதைக் குழப்புகிறது. பழைய போன் என்றால் தேவையில்லாத வேலையும்கூட. வீடியோவின் பற்சக்கர அடையாளத்தைத் தொட்டு, கூடுதல் செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துவிடலாம்.

கணினியில் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: அங்கே தெரிவு செய்த தீம் அந்த பிரவுசருக்கு மட்டும் பொருந்தும். வீட்டில் குரோமில் டார்க் போட்டுவிட்டு அலுவலகத்தில் அதே கணக்கால் நுழைந்தால் வெள்ளையாகத்தான் திறக்கும், பழுது ஒன்றுமில்லை. மேசைக் கணினித் திரைகள் பெரும்பாலும் எல்சிடி என்பதால் அங்கே மின்சார மிச்சத்தை மறந்துவிட்டு, அறையின் வெளிச்சத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

நெட்ஃபிளிக்ஸில் இந்தக் கேள்வியே இல்லை, அது பிறவியிலேயே கறுப்பு. அங்கே கொமெண்ட் கிடையாது, நீண்ட விவரம் கிடையாது. படத்தைத் தெரிவு செய்ததும் முழுத்திரைக்குப் போய்விடுவீர்கள், வெள்ளைப் பக்கத்துக்கு அங்கே வேலையில்லை. யூரியூப்பில் வாசிப்பிலும் நேரம் போகிறது, அதனால்தான் அங்கே தெரிவு வேண்டியிருக்கிறது.

ரிவியில் யூரியூப்பும் கறுப்பாகத்தான் வரும். அங்கே மாற்ற வேண்டியது அறையை. வீட்டில் எல்லாரும் லைற்றை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள் என்றால் ரிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன எல்இடி பல்பைப் போடுங்கள். திரைக்கும் சுவருக்குமுள்ள வேறுபாடு குறைந்து கண் கூசுவது குறையும். முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், திரையில் தெறிக்கும்.